சிவப்புக் குறுமீனைச் சுற்றும் பாறைக்கோளில் காற்று மிஞ்சியிருக்குமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

"பூமியைப் போலவே இன்னொரு கோள்" என்று செய்தி வந்தால், அந்தக் கோள் பெரும்பாலும் ஒரு சிவப்புக் குறுமீனைத்தான், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான, குளிர்ந்த விண்மீனைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். நம் பால்வீதியில் ஏறக்குறைய நாலில் மூன்று விண்மீன்கள் அந்த வகைதான். போதாததற்கு, விண்மீன் சின்னதாக இருப்பதால் முன்னால் கடந்து போகும் கோள் அதன் ஒளியில் கணிசமான பங்கை மறைக்கும், நாம் கண்டுபிடிப்பதும் சுலபம். செய்தியைப் படித்ததும் எல்லோரும் தண்ணீர் இருக்கிறதா, உயிர் இருக்கிறதா என்று போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே காற்று என்று ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? வளிமண்டலம் இல்லையென்றால் மற்ற எதைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

இதற்கு "சிவப்புக் குறுமீன் என்றாலே காற்று போயிருக்கும்" என்றோ "இல்லை, தாங்கும்" என்றோ ஒரே வரியில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். கோளுக்குக் கோள் பதில் மாறும். ஒவ்வொரு கோளையும் தனியாக எடைபோட முடியும், அதற்குப் பள்ளிக் கணக்கு போதும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் எண்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

நாசாவின் புறக்கோள் ஆவணக்காப்பகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கோளின் பெயரைத் தேடினால் ஒரு பெரிய அட்டவணை வரும், பார்த்துப் பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது ஏழே எண்கள். கோளின் நிறை, கோளின் ஆரம் (இரண்டும் பூமியின் மடங்கில்), விண்மீனிலிருந்து கோளுக்கு உள்ள தொலைவு (வானியல் அலகில், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவின் மடங்கில்), கோளின் மேல் விழும் ஒளி (பூமியின் மேல் விழுவதன் மடங்கில்), விண்மீனின் வெப்பநிலை (கெல்வினில்), விண்மீனின் ஆரம் (சூரியனின் மடங்கில்), விண்மீனின் மொத்த ஒளிர்வு (இது அட்டவணையில் மடக்கையாக இருக்கும், 10-ஐ அந்தப் படிக்கு உயர்த்தினால் சூரியனின் மடங்கு கிடைக்கும்). ஒரே கோளுக்கு வேறு வேறு ஆய்வுகளிலிருந்து வேறு வேறு எண்கள் வரிசையாக இருக்கும், கூடியவரை புதிய ஆய்வின் எண்களை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆய்விலிருந்து எடுத்தால் இன்னும் நல்லது.

நிறை என்ற இடம் காலியாக இருந்தாலோ, கணிப்பு என்று குறித்திருந்தாலோ, அந்தக் கோளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது உண்மையிலேயே பாறைக்கோளா?

இதைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆரம் பூமியைப் போல 1.6 மடங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் பாறை. 2 மடங்கைத் தாண்டிவிட்டால் அது வேறு கதை. 2025 ஏப்ரலில் பெரிய பரபரப்பைக் கிளப்பிய கே2-18 பி-யின் ஆரம் பூமியைப் போல சுமார் 2.6 மடங்கு, நிறை 8 மடங்குக்கு மேல். அதற்கு வளிமண்டலம் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அதை வைத்துப் பாறைக்கோள்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதிச் செய்திகளின் சிக்கல் தீர்ந்துவிடும்.

பிடிமானமா, வெயிலா: ஒரே எண்ணில்

ஒரு கோள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா என்பது இரண்டு விஷயங்களுக்கு இடையிலான இழுபறி. ஒரு பக்கம் கோளின் ஈர்ப்பு, அதாவது அந்த ஈர்ப்பை மீறி வெளியேறத் தேவையான விடுபடு வேகம். பூமிக்கு அது நொடிக்கு 11.2 கிலோமீட்டர், செவ்வாய்க்கு 5, நிலவுக்கு 2.4. இன்னொரு பக்கம் விண்மீன் கொட்டும் ஆற்றல். கெவின் சான்லி, டேவிட் காட்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-இல் நம் சூரியக் குடும்பத்தின் உறுப்பினர்களை இந்த இரண்டு அளவுகளையும் வைத்து ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். காற்று உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறு பக்கம் என்று அழகாகப் பிரிந்து நின்றன. நடுவில் போகும் கோட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அண்டக் கரையோரம்'. விழும் ஒளி, விடுபடு வேகத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடலாம், அதைத் தாண்டினால் காற்று போய்விடும் என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள்.

நான்காம் படி என்றதும் மலைக்க வேண்டாம். விடுபடு வேகத்தின் இருபடி என்பது நிறையை ஆரத்தால் வகுத்ததற்கு நேர்விகிதம். ஆகவே நமக்கு வேண்டிய சுட்டெண் இவ்வளவுதான்:

விழும் ஒளி ÷ (நிறை ÷ ஆரம்)²

எல்லாமே பூமியின் மடங்கில். பூமிக்கு இது 1. வெள்ளிக்குப் போட்டால் சுமார் 2.6, சனியின் நிலவான டைட்டனுக்கு சுமார் 3.5, செவ்வாய்க்கு சுமார் 11. புதனுக்கு 300-ஐத் தாண்டுகிறது, நம் நிலவுக்கு 500-ஐ ஒட்டி வருகிறது. வெள்ளியிலும் டைட்டனிலும் பூமியைவிட அடர்த்தியான காற்று உண்டு, செவ்வாயில் மெல்லிய படலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதனும் நிலவும் மொட்டைப் பாறை. எண் 10-ஐ நெருங்கும்போது கவலைப்பட வேண்டும், நூற்றுக்கணக்கில் போனால் நம்பிக்கை மிகக் குறைவு. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும், இத்தனை எளிய ஒன்று இத்தனை வேறுபட்ட உலகங்களைச் சரியாகப் பிரிக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

இப்போது 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் டிராப்பிஸ்ட்-1 குடும்பத்துக்கு வாருங்கள். ஒரே விண்மீன், ஏழு பாறைக்கோள்கள், உள்ளிருந்து வெளியே பி, சி, டி என்று எழுத்துகளே பெயர்கள். உள்ளே முதலில் இருக்கும் பி-யின் நிறை 1.37, ஆரம் 1.12, விழும் ஒளி 4.15. கணக்கு 2.7 என்று வருகிறது, வெள்ளியைப் போலவே. நடுவில் மிதமான வெப்பத்தில் இருக்கும் இ-யின் நிறை 0.69, ஆரம் 0.92, ஒளி 0.65. எண் 1.1. அடடா, பூமி மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும்.

இங்கேதான் நிறுத்த வேண்டும். இந்தக் கணக்கு சூரியனைப் போன்ற விண்மீனுக்குத்தான் இப்படியே பொருந்தும்.

விண்மீனின் இளமைக்காலத்தைக் கணக்கில் சேருங்கள்

காற்றைக் கிளப்பிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியும் ஒளி கிடையாது. எக்ஸ் கதிரும் கடுமையான புறஊதாவும்தான் வளிமண்டலத்தின் உச்சியைச் சூடாக்கி, ஊதிப் பெருக்கி, வெளியே தள்ளுகின்றன. சிவப்புக் குறுமீன்கள் தங்கள் மொத்த ஒளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கை எக்ஸ் கதிராகவே கொட்டும் ஒரு காலகட்டம் உண்டு. சூரியன் மாதிரி விண்மீனுக்கும் அது உண்டு, ஆனால் 10 கோடி ஆண்டு வாக்கில் அடங்கிவிடும். குறுமீனுக்கு அது பல மடங்கு நீளும், மிகச் சிறியவற்றுக்கு நூறு கோடி ஆண்டுகளையும் தாண்டிப் போகும்.

இன்னொன்று இதைவிட மோசம், செய்திகளில் அதிகம் வராதது. சூரியன் சுருங்கித் தன் நிலையான ஒளிர்வுக்கு வர சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆயின. டிராப்பிஸ்ட்-1 போன்ற ஒன்றுக்கு அதற்கே நூறு கோடி ஆண்டு வரை ஆகலாம். அதுவரை அது இன்றைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரிந்திருக்கும். இன்றைக்கு 'உயிர்வாழத் தகுந்த' இடத்தில் இருக்கும் கோள் தன் குழந்தைப் பருவம் முழுவதையும் வெள்ளியைவிடக் கடுமையான வெயிலில் கழித்திருக்கும் என்று அர்த்தம். கடல் இருந்தால் ஆவியாகும், நீர் மூலக்கூறு பிளக்கும், இலேசான ஹைட்ரஜன் தப்பிவிடும், கனமான ஆக்சிஜன் பின்தங்கும். 2015-இல் ரோட்ரிகோ லூகரும் ரோரி பார்ன்ஸும் காட்டியது இதைத்தான். ஆகவே இப்படிப்பட்ட கோளில் நாளைக்கு ஆக்சிஜன் கண்டுபிடித்தோம் என்று யாராவது சொன்னால், உடனே செடிகொடிகளைக் கற்பனை செய்ய வேண்டாம்.

விண்மீனின் சுடர் வெடிப்புகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். 2016 மார்ச்சில் பிராக்சிமா சென்டாரி என்ற சிவப்புக் குறுமீன் ஒரு வெடிப்பின்போது இருட்டான வானத்தில் வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லை வரை பிரகாசமானது உண்மைதான். இருந்தாலும் அந்த அவ்வப்போதைய வெடிப்புகளைவிட, கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாமல் விழுந்த அந்த ஆரம்பகாலக் கதிர்வீச்சுதான் பெரிய சேதம் செய்திருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, இதை எண்ணாக எப்படிச் சேர்ப்பது? சான்லியும் காட்லிங்கும் ஒரு தோராய வழி சொல்லியிருக்கிறார்கள். விண்மீனின் ஒளிர்வை −0.6 படிக்கு உயர்த்திப் பெருக்குங்கள், கைபேசிக் கணிப்பானிலேயே போடலாம். டிராப்பிஸ்ட்-1-இன் ஒளிர்வு சூரியனில் 0.00055 பங்கு, பெருக்கும் எண் சுமார் 90 வருகிறது. இப்போது பி-க்கு 2.7 என்பது 250-ஐ ஒட்டிப் போய்விட்டது, புதனுக்குப் பக்கத்தில். இ-க்கு 100 வாக்கில், செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவே.

இதே கணக்கை எல்எச்எஸ் 1140 பி என்ற கோளுக்குப் போட்டுப் பாருங்கள். நிறை 5.6, ஆரம் 1.73, விழும் ஒளி 0.43. பெருக்குவதற்கு முன் 0.04, பெருக்கிய பிறகும் 1-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. இதுவும் டிராப்பிஸ்ட்-1 இ-யும் சிவப்புக் குறுமீன் கோள்கள், இரண்டுமே மிதமான இடத்தில் இருப்பவை, ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் நூறு மடங்கு வித்தியாசம். இதனால்தான் ஒட்டுமொத்தமாக ஒரு பதில் சொல்லாதீர்கள் என்கிறேன்.

இந்தக் கரை மெல்லிய கோடாக இருக்க வாய்ப்பில்லை, அகலமான பட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு அங்கே இங்கே தள்ளிப் போகலாம். கோள் பிறக்கும்போதே எவ்வளவு நீரும் கார்பனும் கொண்டு வந்தது என்பது இந்தக் கணக்கில் இல்லை. உருகிய பாறைக்குள் நீர் கரைந்து பதுங்கியிருந்து, விண்மீன் அடங்கிய பிறகு எரிமலை வழியாக வெளியே வந்து புதிதாகக் காற்றை உருவாக்கலாம், அதுவும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த காற்று தன் உச்சியைத் தானே குளிர வைத்துக்கொள்ளும், நைட்ரஜன் நிறைந்தது அவ்வளவு சுலபமாகக் குளிராமல் ஊதிவிடும். அதையும் இந்த எண் பார்ப்பதில்லை. காந்தப்புலம் இருந்தால் காப்பாற்றும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலமே இல்லை, அங்கே காற்றழுத்தம் பூமியைப் போல 90 மடங்குக்கு மேல். அதனால் காந்தப்புலத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இனி வெப்பமானியை வையுங்கள்

கணிப்பெல்லாம் சரி, அளந்து பார்த்தால் என்ன வருகிறது? என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் அதிகம் நம்பத் தகுந்த அளவீடு இதுதான், புரிந்துகொள்வதும் சுலபம்.

விண்மீனுக்கு இவ்வளவு நெருக்கமான கோள்கள் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டித்தான் சுற்றும் என்று கருதுகிறார்கள். ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர இரவு. காற்று இல்லையென்றால் பகல் பக்கம் விழுந்த சூட்டையெல்லாம் அங்கேயே வைத்துக்கொண்டு கொதிக்கும். தடித்த காற்று இருந்தால் அது சூட்டை இரவுப் பக்கத்துக்குக் கொண்டு போகும், பகல் பக்கம் குளிர்ந்து தெரியும். ஆகவே பகல் பக்கத்தின் வெப்பநிலையை அளந்தால் போதும். கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் மறையும்போது மொத்த அகச்சிவப்பு ஒளி இம்மியளவு குறையும், அந்தக் குறைவுதான் கோளிடமிருந்து வந்த வெப்பம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரும்பாலும் 15 மைக்ரான் அலைநீளத்தில் இதை அளக்கிறது. அந்த அலைநீளத்தை கார்பன் டை ஆக்சைடு பலமாக உறிஞ்சும், அது இருந்தால் கோள் இன்னும் குளிர்ந்து தெரியும்.

எதிர்பார்க்க வேண்டிய வெப்பநிலையை நீங்களே போடலாம். விண்மீனின் ஆரத்தை 0.00465-ஆல் பெருக்கினால் அது வானியல் அலகுக்கு மாறும். அதைக் கோளின் தொலைவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, விண்மீனின் வெப்பநிலையால் பெருக்குங்கள். வந்த விடையை 0.904-ஆல் பெருக்கினால் கறுத்த மொட்டைப் பாறையின் பகல் வெப்பநிலை. 0.707-ஆல் பெருக்கினால் சூடு கோள் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் நிலை.

டிராப்பிஸ்ட்-1 பி-க்குப் போடுவோம். விண்மீன் ஆரம் 0.119, அதாவது 0.000553 வானியல் அலகு. கோளின் தொலைவு 0.01154. வகுத்தால் 0.048, வர்க்கமூலம் 0.219. விண்மீனின் வெப்பநிலையான 2566-ஆல் பெருக்கினால் 562. மொட்டைப் பாறை என்றால் 508 கெல்வின், காற்று சூட்டைப் பரப்பினால் 397 கெல்வின். 2023 மார்ச்சில் வெப் அளந்து சொன்னது சுமார் 503, பிழை 26 அளவில். பாறைக் கணக்கோடு அப்படியே ஒட்டிப் போகிறது பாருங்கள்.

அடுத்தது சி, தொலைவு 0.0158. இதே கணக்கில் பாறை என்றால் 434, பரவினால் 340. சில மாதங்களில் வந்த அளவீடு 380, பிழை 31. இது நடுவில் உட்கார்ந்திருக்கிறது! பாறைக் கணக்குக்கும் இதற்கும் 54 கெல்வின் வித்தியாசம், பிழையின் இரண்டு மடங்குகூட இல்லை. ஆகவே வெள்ளியைப் போலத் தடித்த கார்பன் டை ஆக்சைடு போர்வை இருக்க வாய்ப்பு குறைவு, மெல்லிய காற்று இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இதைத்தான் ஒரு செய்தி "காற்று இல்லை" என்றும் இன்னொன்று "இன்னும் நம்பிக்கை" என்றும் எழுதும். இரண்டும் பாதி உண்மை. அளவீட்டோடு பிழை எவ்வளவு என்று சொல்லாத செய்தியை ஒதுக்கிவிட்டு மூல ஆய்வின் சுருக்கத்தையாவது படியுங்கள்.

இன்னும் சூடான கோள்களில் விடை தெளிவாக வந்திருக்கிறது. 11 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் எல்எச்எஸ் 3844 பி-யை 2019-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி முழுச் சுற்றும் தொடர்ந்து பார்த்தது. பகல் பக்கம் 1040 கெல்வின், இரவுப் பக்கத்திலிருந்து வெப்பம் வந்ததற்கு அடையாளமே இல்லை. ஜிஜே 1132 பி-க்கு நம் சுட்டெண் (ஒளிர்வால் பெருக்கிய பிறகு) சுமார் 200, வெப் 2024-இல் அளந்த பகல் வெப்பநிலை 709, அதுவும் பாறையோடுதான் ஒத்துப்போகிறது. கரையோரக் கணக்கு முன்கூட்டியே சொன்ன மாதிரியேதான் இவை நடந்துகொள்கின்றன. அதனால் இவற்றில் காற்று இல்லை என்ற செய்தியைப் படித்து "சிவப்புக் குறுமீன் கதை முடிந்தது" என்று சோர்ந்துபோக வேண்டாம், இவை தோற்கும் என்று எதிர்பார்த்த கோள்கள்தான்.

இந்த அளவீட்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே அலைநீளத்தை மட்டும் நம்பக் கூடாது. உச்சியில் மூட்டம் இருந்து சூடேறியிருந்தால் காற்று உள்ள கோளும் 15 மைக்ரானில் சூடாகத் தெரியலாம். டிராப்பிஸ்ட்-1 பி-யை 12.8 மைக்ரானிலும் பார்த்தபோது இந்தச் சாத்தியத்தையும் ஆய்வாளர்கள் எடுத்துப் பேச வேண்டியிருந்தது. அப்புறம், தரை கறுப்பாக இல்லாமல் வெளிறிய பாறையாக இருந்தாலும் கோள் கொஞ்சம் குளிர்ந்து தெரியும்.

நிறமாலையில் ஏதோ தெரிகிறது என்றால்

கோள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது அதன் காற்றின் வழியே வடிகட்டி வரும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து (அதுதான் நிறமாலை) அலசுவது இன்னொரு முறை. செய்தியில் அதிகம் அடிபடுவது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். சிவப்புக் குறுமீனின் முகத்தில் குளிர்ந்த கரும்புள்ளிகள் உண்டு, அந்தப் புள்ளிகளில் விண்மீனுக்கே சொந்தமான நீராவி இருக்கும்! 2023-இல் ஜிஜே 486 பி-யின் நிறமாலையில் நீராவி போல ஒன்று தெரிந்தபோது, அது கோளுடையதா விண்மீனுடையதா என்று ஆய்வாளர்களே முடிவு சொல்லாமல் விட்டார்கள். பிறகு வெப்பத்தை அளந்தபோது மொட்டைப் பாறைக்கு ஏற்ற விடைதான் வந்தது.

ஆகவே நிறமாலைச் செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை கடப்புகளில் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் அதே அடையாளம் வந்ததா, விண்மீனின் புள்ளிகளை எப்படிக் கழித்தார்கள். ஜிஜே 1132 பி-யை வெப் இரண்டு முறை பார்த்தது, ஒன்றில் அடையாளங்கள் தெரிந்தன, மற்றதில் வெறும் நேர்கோடு. இது ஒன்றே போதும், ஒற்றைக் கடப்பை நம்பக் கூடாது என்பதற்கு. அதே சமயம் நேர்கோடு வந்தால் காற்றே இல்லை என்றும் ஆகாது, உயரத்தில் மேகம் இருந்தாலும் காற்று கனமான வாயுவாக இருந்தாலும் நேர்கோடுதான் வரும்.

பிராக்சிமா சென்டாரியைச் சுற்றும் பிராக்சிமா பி போல, நம் பார்வையில் விண்மீனுக்கு முன்னால் கடக்காத கோள்களுக்கு இந்த இரண்டு முறையுமே இப்படியே பயன்படாது. அதனால்தான் 4.2 ஒளியாண்டிலேயே இருந்தும் அதைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிகிறது.

எந்தக் கோள்களைத் தொடர்ந்து கவனிப்பது

வெப் தொலைநோக்கியின் 500 மணி நேரத்தை இந்த ஒரே கேள்விக்காக ஒதுக்கி 'பாறை உலகங்கள்' என்ற திட்டம் நடக்கிறது. கூடவே ஹப்பிள் அதே விண்மீன்களின் புறஊதாவை அளக்கிறது. பெருக்கிய பிறகு சுட்டெண் 10-லிருந்து 100 வரை வரும் கோள்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, முடிவுகள் வர வர அளந்த வெப்பநிலையைப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். கரை உண்மையில் எங்கே இருக்கிறது என்பது இந்தப் பட்டியலிலிருந்துதான் தெரியவரும்.

தனிக் கோள் என்றால் என் முதல் தேர்வு எல்எச்எஸ் 1140 பி. அடர்த்தி சுத்தமான பாறைக்குச் சற்றுக் குறைவு, நிறையில் ஒரு பங்கு நீராகவே இருக்கலாம். ஹைட்ரஜன் போர்த்திய குட்டி நெப்டியூனாக இருக்க வாய்ப்பில்லை என்று வெப் தரவு காட்டியிருக்கிறது. சிக்கல், அது ஒரு சுற்றுக்கு 24.7 நாள் எடுக்கிறது, வெப் அந்தப் பக்கம் பார்க்க முடியும் காலமும் குறைவு. எனவே ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் வாய்ப்புகள்தான். பொறுமை வேண்டும்.

அடுத்தது டிராப்பிஸ்ட்-1 இ. 2025 செப்டம்பரில் முதல் 4 கடப்புகளின் முடிவு வந்தது. ஹைட்ரஜன் நிறைந்த காற்று இல்லை என்பது உறுதி, மற்றபடி மீத்தேன் போலத் தெரிந்த லேசான அடையாளம் விண்மீனுடையதாகவே இருக்கலாம். இப்போது பி-யும் இ-யும் அடுத்தடுத்துக் கடக்கும் நேரங்களாகப் பார்த்து இரண்டையும் சேர்த்துப் படம்பிடிக்கிறார்கள். பி-யில் காற்று இல்லையென்று எடுத்துக்கொண்டால், அதன் நிறமாலையில் தெரியும் மேடுபள்ளம் எல்லாமே விண்மீனின் புள்ளிகளுடையது. அதை இ-யின் நிறமாலையிலிருந்து கழித்துவிடலாம். அந்த முடிவு வரும்போது முதலில் தேட வேண்டியது, கழித்த பிறகு மிஞ்சிய அடையாளம் எல்லாக் கடப்புகளிலும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதைத்தான்.